குழாயை எப்போ எடுப்பாங்க?

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு ஆபரேஷன்னா ஒரே ஒரு காட்சிதான் ஞாபகம் வரும். தியேட்டர் வாசல்ல சிவப்பு லைட் எரியும். குடும்பம் மொத்தமும் வெளியே நிக்கும். ஒருத்தர் மட்டும் ஓடிப்போய் பிள்ளையார் முன்னாடி நின்னு கதறுவார். லைட் அணையும். டாக்டர் மாஸ்க்கைக் கழட்டிக்கிட்டே வெளியே வந்து "ஆபரேஷன் சக்சஸ்" என்பார். அவ்வளவுதான், அடுத்த சீன்.

ஆனால் அந்த லைட் அணையும்போது உள்ளே படுத்திருப்பவரின் தொண்டையில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். சர்ஜன் தையல் போட்டு முடித்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்த டாக்டருக்கு வேலை முடியவில்லை. அந்தக் குழாயை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்த ஆள் தானாக மூச்சு விட வேண்டும். பலருக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. சிலருக்கு மொத்த ஆபரேஷனிலும் அதிக ஆபத்தான நேரமே இதுதான்.

மெக்கானிக்கல் ஃபைனல் இயர் பையனுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். போன வருஷம் வரைக்கும் எனக்கும் எதுவும் தெரியாது. என் பெரியம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தப்போ தெரிஞ்சுக்கிட்டேன்.

பெரியம்மாவுக்கு தி.நகர்ல, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் ஒரு சந்தில், பிளவுஸ் தைக்கிற கடை. ரெண்டு மெஷின், ஒரு டேபிள், சுவர் முழுக்க நூல்கண்டு. ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துவிட்டு ஃபால்ஸ், பிகோ அடிக்க வருபவர்கள்தான் முக்கால்வாசி கஸ்டமர்கள். தீபாவளி சமயத்தில் ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடும். அந்தக் கடைக்குப் போர்டு கூட கிடையாது. பெரியம்மாவின் குரல்தான் போர்டு. "வாங்கம்மா, நாளைக்கே ரெடி"ன்னு ஒரு சத்தம் போட்டால் சந்து முனையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவங்க கழுத்தில் பதினைஞ்சு வருஷமா ஒரு கட்டி. வலி இல்லை, அதனால் யாரும் கண்டுக்கல. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே காலத்தை ஓட்டிட்டாங்க. போன வருஷம் மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ரெண்டு தலையணை மூணாச்சு, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டி மூச்சுக்குழலை ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்கிக்கொண்டு இருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னாலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எடை 92 கிலோ. குறட்டை வேற, பக்கத்து வீடு வரை கேட்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு ஃபாரம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். பெரியம்மா எட்டாவது வரை தமிழ் மீடியம். "நீதான் இங்கிலீஷ் மீடியம் படிச்சவன், வாசிச்சுச் சொல்லுடா"ன்னு என்கிட்ட நீட்டினாங்க. அதில் "ஆபரேஷனுக்குப் பிறகு வெண்டிலேட்டர் தேவைப்படலாம்"னு ஒரு வரி. "ட்ரக்கியாஸ்டமி தேவைப்படலாம்"னு அடுத்த வரி. வாசிக்க வந்தது. தமிழில் எப்படிச் சொல்வது? தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சு விட வைப்பார்கள்னு நேருக்கு நேராகச் சொல்ல வாய் வரல. நான் முழிக்கிறதைப் பார்த்து அவங்களே கேட்டாங்க:

"குழாய் போடுவாங்க, சரி. எப்போ எடுப்பாங்க? எடுத்தா மூச்சு வருமாடா?"

அந்தக் கேள்வியை அப்படியே மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் வார்டுக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரியம்மாவைப் பார்த்துத் தமிழில் பேசினார். அவர் சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில், குழாய் எதுக்கு? பெரிய ஆபரேஷனில் மயக்கத்தோடு சேர்த்துத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பார்கள். தசை தளர்ந்தால் மூச்சு விடும் தசையும் தளரும். அதனால் வாய் வழியாக, குரல் நாண்களுக்கு நடுவே, மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயை இறக்கி மெஷினோடு இணைப்பார்கள். பெரியவர்களுக்குப் போடுவது உள்விட்டம் 7, 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பலூன். அதை ஊதினால் காற்று கசியாது, வயிற்றிலிருந்து எதுவும் நுரையீரலுக்குள் போகாமலும் தடுக்கும்.

இப்போ எடுக்கிற கதை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த தொண்டை இப்போது இல்லை. ரத்தம், சளி, வீக்கம் எல்லாம் சேர்ந்திருக்கும். தசை மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கலாம். மயக்கம் பாதி தெளிந்த நிலையில் குழாயை உருவினால் குரல் நாண்கள் கப்புன்னு இறுக மூடிக்கொள்ளும். ஆள் மூச்சை இழுப்பார், காற்று போகாது. அதனால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நன்றாக முழித்து, சொன்ன பேச்சைக் கேட்கும் நிலைக்கு வந்த பிறகுதான் பொதுவாக எடுப்பார்கள்.

தைராய்டு ஆபரேஷனில் இன்னும் மூணு பயம் உண்டு. ஒண்ணு, குரல் நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. ரெண்டு பக்கமும் அது பாதிக்கப்பட்டால் நாண்கள் விலகாது, வழி அடைபடும். ரெண்டு, தையலுக்கு உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் கழுத்துக்குள் அழுத்தம் கூடி மூச்சுப்பாதையை நெருக்கும். அப்படி ஆனால் படுக்கையிலேயே உடனே தையலைப் பிரிக்க வேண்டும், தியேட்டருக்குக் கொண்டு போகிற வரை காத்திருக்கக் கூடாது. மூணாவது அரிதுதான், ஆனால் உண்டு. வருஷக்கணக்கில் கட்டி அழுத்தியதில் மூச்சுக்குழலின் சுவர் வலுவிழந்து, கட்டியை எடுத்ததும் உள்பக்கமாகச் சுருங்கலாம்.

நேரமும் குறைவு. நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பி வைத்தால் ஆரோக்கியமான ஒருவர் மூச்சு நின்றாலும் ஏழெட்டு நிமிஷம் வரை தாக்குப்பிடிக்கலாம். எடை மிக அதிகமானவர்களுக்கு அது ரெண்டு மூணு நிமிஷமாகவே சுருங்கிவிடும். ஆபரேஷன் முடிந்த உடம்பில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். அந்த நேரத்துக்குள் வீங்கிய தொண்டையில் மறுபடி குழாய் போட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா பயப்படுவாங்கன்னு நினைச்சேன். டாக்டர் தன் திட்டத்தைச் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் எடுக்க மாட்டோம். ராத்திரி முழுக்கக் குழாயோடு ஐ.சி.யூ.வில் தூங்க வைப்போம். காலையில் வீக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, குழாய்க்குள் மெல்லிய நீளமான இன்னொரு குழாயை விட்டு, வெளிக்குழாயை மட்டும் உருவுவோம். மெல்லியது உள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கும். மூச்சு சரியாக வரவில்லை என்றால் அதைப் பிடித்துக்கொண்டே புதுக் குழாயை உள்ளே தள்ளிவிடலாம்.

பெரியம்மா உடனே சொன்னாங்க: "பாவாடை நாடா மாத்துற மாதிரி! பழைய நாடாவை உருவுறதுக்கு முன்னாடி அதோட முனையில புதுசைக் கட்டிக்குவோம்ல? சும்மா உருவிட்டா அப்புறம் ஊக்கு போட்டு அரை மணி நேரம் தள்ளணும்."

டாக்டர் சிரிச்சுட்டார். "அதேதான்மா. எங்களுக்கு அரை மணி நேரம் கிடையாது, அதான் வித்தியாசம்."

ஏர்வே எக்ஸ்சேஞ்ச் கதீட்டர்னு அதுக்குப் பேர். நான் எஞ்சினியரிங் மூளையை வச்சு யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ, நாப்பது வருஷமா நாடா கோக்கிறவங்க ஒரே வரியில் முடிச்சுட்டாங்க. நடுவில் உள்ள உள்ளீடற்ற வழியாகத் தேவைப்பட்டால் ஆக்சிஜனும் கொடுக்கலாம். ஆழமாகப் போனால் நுரையீரலைக் குத்திவிடும், அதனால் பெரியவர்களுக்கு உதட்டிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே விடக்கூடாதுன்னு கணக்கு.

அன்னிக்கு ராத்திரி பெரியம்மா தன் பொண்ணைக் கூப்பிட்டு இதையே சொன்னாங்க. "ராத்திரி குழாயோடதான் வச்சிருப்பாங்க. நீங்க யாரும் போய் அவசரப்படுத்தாதீங்க. காலையில அவங்க எடுக்கும்போது எடுக்கட்டும்." அக்கா தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் ஆபரேஷன் முடிந்தது. சர்ஜன் வந்து நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னார். சாயங்காலம் ஐ.சி.யூ. கண்ணாடி வழியா பார்த்தோம். வாயில் குழாய், பக்கத்தில் வெண்டிலேட்டர், கண் மூடியிருந்தது. செங்கல்பட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மாமாவுக்கு இது எதுவுமே தெரியாது.

"மூணு மணி நேரத்துல ஆபரேஷன் முடிஞ்சுதாம். அப்புறம் எதுக்கு மெஷின்ல போட்டு வச்சிருக்காங்க? ஏதோ தப்பு நடந்திருக்கு, மறைக்கிறாங்க. இல்லன்னா பில்லு ஏத்துறாங்க. 'ரமணா' படம் பாத்ததில்லையா நீங்க?"

'ரமணா' வந்தது 2002இல், நான் பிறப்பதற்கு முன். ஆனால் இறந்துபோனவருக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிப் பணம் கறக்கும் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்கா? வெண்டிலேட்டர்னு காதில் விழுந்தாலே நம்ம வீடுகளில் அந்தப் படம்தான் ஓடும். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். ஐ.சி.யூ.வில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட வேண்டியவர் அவர்தான். கூடப் பிறந்த அக்கா வாயில் குழாயோடு கிடக்கிறாள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு விஷயம் முத்திவிட்டது. உடனே குழாயை எடுக்கச் சொல்லணும், இல்லன்னா வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு மாமா நின்றார். கையெழுத்து போட வேண்டியது அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் போடவில்லை.

"இல்ல மாமா. அம்மா நேத்தே என்கிட்ட சொல்லிட்டாங்க. காலையிலதான் எடுப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சுதான் படுத்திருக்காங்க."

டியூட்டியில் இருந்த டாக்டரும் வெளியே வந்து மாமாவை உட்கார வைத்துப் பேசினார். "குழாய் போடுறதுக்கு அவசரம் வரலாம் சார். எடுக்கிறதுக்கு அவசரம்னு ஒண்ணு கிடையாது. எப்போ எடுக்கிறதுன்னு நாமதான் முடிவு பண்றோம். நடுராத்திரி, ஆள் கம்மியா இருக்கிற நேரத்தில எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்?" மாமா ஒண்ணும் சொல்லாம டீ குடிக்கக் கீழே போய்ட்டார்.

அந்த டாக்டர் சொன்னது அவர் சொந்தக் கருத்து இல்லைன்னு பிறகு படிக்கும்போது தெரிந்தது. பிரிட்டனில் ஒரு வருஷம் முழுக்க நடந்த பெரிய மூச்சுப்பாதை விபத்துகளைத் திரட்டி 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதை நாப் 4 என்பார்கள். மயக்க மருந்து சார்ந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குழாயை எடுக்கும்போதோ எடுத்த பிறகு ரெக்கவரி அறையிலோ நடந்தவை. அதுவரை புத்தகங்களில் குழாய் போடுவதற்குப் பக்கம் பக்கமாக வழிமுறை இருந்தது. எடுப்பதற்கு அந்த அளவு இல்லை. 2012இல் அங்குள்ள டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி, எடுப்பதற்கென்றே தனியாக வழிகாட்டி வெளியிட்டது. திட்டமிடு, தயார் செய், எடு, எடுத்த பிறகு கவனி என்று நாலு படி.

நம்ம நாட்டுக்கும் ஒன்று இருக்கிறது. ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016 டிசம்பரில் இந்தியன் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவில் ஐந்து வழிகாட்டிகளை வெளியிட்டது. பெரியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஐ.சி.யூ. நோயாளிகள் ஆகியோருக்குக் குழாய் போடுவது பற்றி நாலு. அஞ்சாவது, எடுப்பதில் சிக்கல் வரலாம்னு முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு எப்படி எடுப்பது என்பதற்கு மட்டும். அந்த அஞ்சாவதின் முதல் ஆசிரியர் பங்கஜ் குந்த்ரா, அப்போது நம்ம பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மரின் மயக்கவியல் துறையில் இருந்தவர்.

இதைப் படிக்கும்போது எனக்கு டர்பைன் ஞாபகம் வந்தது. மெக்கானிக்கல் மக்களுக்குத் தெரியும்: ஓடிக்கொண்டிருந்த நீராவி டர்பைனை நிறுத்தினால் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். ரோட்டர் பயங்கரச் சூட்டில் இருக்கும். சும்மா நின்றால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே மாதிரி ஆறாது, ரோட்டர் வளைந்துவிடும். அதனால் டர்னிங் கியரைப் போட்டு, ஆறும் வரை மணிக்கணக்கில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கரண்ட் உற்பத்தி நின்ன பிறகும் எதுக்கு இது சுத்துதுன்னு தோணும். மாமாவுக்குத் தோன்றிய மாதிரியேதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. டர்பைனுக்கு வெப்பநிலை அளவைப் பார்த்து முடிவு எடுக்கலாம். மனுஷனுக்கு ஒரே ஒரு எண் போதாது. பெரியம்மாவுக்குக் காலையில் என்னவெல்லாம் பார்த்தார்கள் என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். தசை மருந்தின் மிச்சம் இருக்கான்னு பார்க்க, கையின் நரம்பில் வரிசையாக நாலு சின்ன மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் நாலு தடவை துடிக்கும். நாலாவது துடிப்பின் பலம் முதல் துடிப்பில் குறைந்தது 0.9 பங்கு இருக்க வேண்டும். கண்ணைத் திறந்து சொன்னதைச் செய்யணும். பிரஷர், உடல் சூடு, ஆக்சிஜன் எல்லாம் சரியா இருக்கணும். பிறகு குழாயின் பலூனில் காற்றை இறக்கிவிட்டு, குழாயைச் சுற்றிக் காற்று கசியும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டால் சுற்றிலும் இடம் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் வீக்கம் இருக்கலாம், காத்திருக்கணும். கசியும் சத்தம் நல்ல செய்தியா இருக்கிற ஒரே சோதனை இதுதான்னு நினைக்கிறேன்.

பெரியம்மாவுக்குக் கசிந்தது. தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்து, தொண்டையில் தேங்கியதை உறிஞ்சி எடுத்து, முழு ஆக்சிஜன் கொடுத்தார்கள். பக்கத்தில் தையல் பிரிக்கும் சாமான், புதுக் குழாய், கழுத்து வழியாக மூச்சுப்பாதை திறக்கும் செட் எல்லாம் தயார். சர்ஜனும் கூடவே நின்றார். மெல்லிய குழாய் உள்ளே போனது, பெரிய குழாய் வெளியே வந்தது. ரெண்டு மணி நேரம் கழித்து மெல்லியதையும் எடுத்தார்கள். தயாராக வைத்திருந்த எதையும் தொட வேண்டி வரவில்லை.

மதியம் அக்காவை உள்ளே விட்டபோது, காத்து மாதிரி ஒரு குரலில் பெரியம்மா கேட்டாங்களாம்: "கடையை யார் தொறந்தா?"

அந்தக் குரல் பழைய நிலைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுவரை கடையில் ஒரு பெரிய கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, தையல் கூலியை அதில் அடித்துக் காட்டுவாங்க. பேரம் பேசுபவர்களிடம் அதே எண்ணை மறுபடி அடித்துக் காட்டுவாங்க. குறைச்சதே இல்லை. இப்போ சந்து முனை வரை கேட்கிறது, ஆனால் உச்சஸ்தாயி கொஞ்சம் கம்மிதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ராத்திரி ஒன்பது மணி. கையெழுத்து போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு என்னால் சொல்ல முடியாது. அக்கா போடாமல் இருந்ததற்குக் காரணம் அந்த இங்கிலீஷ் ஃபாரம் இல்லை. முந்தின நாள் ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் பேசிய அந்தப் பேச்சுதான். படுத்திருந்தவங்களுக்கே விஷயம் புரிஞ்சிருந்தது, தன் சொந்த வார்த்தையில் பொண்ணுக்குச் சொல்லி வச்சிருந்தாங்க. ஃபாரத்தில் எல்லாமே சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் பாவாடை நாடா அதில் இல்லை.

நம்மில் நிறைய பேர் வீட்டில் இந்த வேலை நமக்குத்தான் வரும். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை, ஃபாரம் வாசிக்கும் பிள்ளை. அப்படி வரும்போது, உங்க வீட்டு ஆளுக்கு எடை அதிகமாகவோ, பலமான குறட்டையோ, கழுத்திலோ வாயிலோ தாடையிலோ ஆபரேஷனோ இருந்தால், மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கணும்னு கேளுங்க. குறட்டையை மறைக்காம சொல்லுங்க. முன்னாடி எப்பவாவது குழாய் போடக் கஷ்டமா இருந்ததுன்னு யாராவது சொல்லியிருந்தா அதையும் சொல்லுங்க. பிறகு இந்த நாலையும் கேளுங்க: குழாயை ஆபரேஷன் முடிஞ்சதும் எடுப்பீங்களா, காத்திருப்பீங்களா? எதைப் பார்த்து முடிவு பண்ணுவீங்க? எடுத்த பிறகு மூச்சு சரியா வரலன்னா என்ன செய்வீங்க? அன்னிக்கு ராத்திரி பக்கத்தில் யார் இருப்பாங்க?

பதிலைப் படுத்திருக்கப் போகிறவர் காதில் விழுற மாதிரி, அவர் மொழியில் சொல்லச் சொல்லுங்க. முடிஞ்சா ஊரிலிருந்து வரப்போகிற மாமாவுக்கும் முதல் நாளே ஒரு போன் போட்டுடுங்க.